கண்ணாடி அலுமாரியும் வெள்ளை நாக்கும்

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என் வயதுக்காரர்கள்தானே, மறைக்காமல் சொல்லுங்கள். உங்களை நீங்கள் முதன்முதலாக முழுசாகப் பார்த்தது எப்போது? மூக்கையும் வாயையும் சொல்லவில்லை. அதற்கு வாப்பாமார் முகம் வழிக்கிற கைக்கண்ணாடி எல்லா வீட்டிலும் இருந்தது. யன்னல் கம்பியில் செருகியிருக்கும், எட்டிப் பார்த்தால் பாதிக் கன்னம் தெரியும். நான் கேட்பது உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிறந்த அன்றே போனில் தங்களைப் பார்த்துவிடுகிறார்கள். எனக்கு ஆறேழு வயதாகும்வரை நான் எப்படி இருப்பேன் என்று தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

அது தெரிந்த வருடத்தில்தான் எரிச்சலும் தெரிந்தது. பொறாமை என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நம் வீடுகளில் அதற்கு எரிச்சல் என்றுதான் பெயர். அது சரியான பெயர். உம்மாவின் தங்கை, என் சாச்சியின் மகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சுக்குக் கீழே அந்த இடம் எரிகிறது. டாக்டர் அதற்கு வாயு என்று மாத்திரை தருகிறார். அவருக்கு என்ன தெரியும்?

வாப்பா திருகோணமலைக்கும் மூதூருக்கும் ஆள் ஏற்றி ஓடுகிற லோஞ்ச் படகில் சுக்கான் பிடித்தவர். எங்கள் வீடு லோஞ்ச் வந்து கட்டுகிற திருகோணமலை ஜெட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது, கப்பலில் ஏற்றிக்கொண்டு போக மனமில்லாத சாமான்களையெல்லாம் ஏலம் போட்டார்கள். அந்த நாளில் ஊரில் எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு வெள்ளைக்காரச் சாமான் நிற்கும். ஒரு வீட்டில் மடக்குக் கதிரை, இன்னொரு வீட்டில் இரும்புக் கட்டில், சந்திக் கடையில் ஒரு பித்தளை மணி. வாப்பா ஒரு அலுமாரியை மாட்டுக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஒற்றைக் கதவு. கதவு முழுக்கக் கண்ணாடி. கீழ் மூலையில் மட்டும் தேத்தண்ணி சிந்திக் காய்ந்த மாதிரி புள்ளிகள்.

உம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"இவ்வளவு பெரிய கண்ணாடிய வச்சு என்ன செய்யிற? தொழ நிண்டா முன்னுக்கு ஒருத்தி வந்து நிப்பாள்."

"அப்ப ஹோலில நிண்டு தொழு," என்றார் வாப்பா. "பலகையைப் பாரு, பலகையை. இப்பிடிப் பலகை இனிக் கிடைக்காது."

பலகையைப் பார்க்கச் சொன்ன அலுமாரியில் பலகையை யாரும் பார்க்கவில்லை. ஹோலுக்கு அடுத்த அறையில், கதவுக்கு நேரே அதை வைத்தார்கள். ஹோலில் இருந்தாலே அது தெரியும். சந்தியிலிருந்து பெண்கள் எல்லாம் வந்து, அலுமாரி பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு போனார்கள்.

என் தம்பிக்கு அப்போது நடக்கத் தொடங்குகிற வயது. கண்ணூறு படாமல் உம்மா அவன் நெற்றியில் பெரிய மைப் பொட்டு வைத்திருப்பார். அவன் கண்ணாடிக்கு முன்னால் தவழ்ந்து போய், உள்ளே இருக்கிற பிள்ளைக்கு விசுக்கோத்து நீட்டுவான். அந்தப் பிள்ளையும் நீட்டும். அதுவும் வாங்காது, இவனும் வாங்க மாட்டான், இரண்டு பேரும் அழுவார்கள். அந்தப் பிள்ளையின் நெற்றியில் இருந்த மையைத் துடைக்கப் பார்த்துக் கண்ணாடியைத் தேய்ப்பான். தன் நெற்றியில் கை போகாது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் நான் சிரிக்க என்ன இருந்தது? நானும் ஒரு நாள் அப்படித்தான் அகப்பட்டேன். குசினியில் பனங்கட்டி எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு அறைப்பக்கம் வந்தேன். எதிரே ஒருத்தி நின்றாள். முழங்காலில் பழைய புண், சட்டை ஒரு தோளில் இறங்கியிருந்தது, ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. முழிக்கிறாள் என்னைப் பார்த்து. சீ, யாரிந்தக் கள்ளி என்று நினைத்த பிறகுதான் விளங்கியது. அதுவரை நான் எத்தனையோ தரம் பனங்கட்டி எடுத்திருக்கிறேன். கை போகும், வாய் மெல்லும், அவ்வளவுதான். அதைச் செய்கிறது ஒரு ஆள், அந்த ஆள் நான் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தக் கண்ணாடிதான். பனங்கட்டியைத் துப்பவும் ஏலவில்லை, விழுங்கவும் ஏலவில்லை. அது கரைந்து முடியும்வரை அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த வருடம் நோன்பு வெயிலில் வந்தது. பகலில் சிமெந்து நிலத்தில் படுத்தால்தான் மூச்சு விடலாம். என்னைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்கு அரை நோன்பு. உங்களுக்கும் அந்த ஏமாற்று நடந்திருக்கும். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை ஒன்றும் தின்னாமல் இருந்தால் அது ஒரு அரை. நாளைக்கு இன்னொரு அரை. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஒரு முழு நோன்பு.

"ஆர் உம்மா தைக்கிற?"

"மலக்குமார் தைப்பாங்க."

"என்ன நூலால?"

"வாயை மூடிட்டுத் தின்னு."

வானத்து மலக்குகள் தைத்த நோன்புகளுக்கு எங்கள் வீட்டில் ஒரு மரியாதையும் இல்லை. அது எனக்கு இரவுச் சோற்றில் தெரியும். மாலையில் லோஞ்ச் திரும்பியதும், மூதூருக்குப் போய்ச் சேர நேரமில்லாத லோஞ்ச்காரர் இரண்டு பேர் வாப்பாவோடு வீட்டுக்கு வருவார்கள். நோன்பு திறக்கப் பள்ளியில் நகரா அடித்ததும் பேரீச்சம்பழமும் கஞ்சியும். தொழுதுவிட்டு வந்து ஹோலில் பாய் விரித்துச் சஹன் வைப்பார்கள். சஹன் தெரியும்தானே, நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைத்துத் தின்கிற பெரிய வட்டத் தட்டு. வாப்பாவின் சட்டம் ஒன்று உண்டு. முழு நோன்பு பிடித்தவர்தான் சஹனில் இருக்கலாம். அரை நோன்புக்காரி குசினியில் சோற்றுக் கோப்பையோடு.

எனக்கு வேண்டியது சோறு இல்லை. வாப்பா விடிய முன்னம் போவார், பொழுது சாயத்தான் வருவார். வந்தாலும் ஜெட்டி, எஞ்சின், கயிறு, காற்று என்று ஆம்பிளைகளோடுதான் கதை. அவர் ஓரிடத்தில் அசையாமல் இருப்பது சஹனுக்கு முன்னால் மட்டும்தான். பொரித்த மீனை முள் எடுத்துப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவார், பாராமலே. அவருக்கு வலப்பக்கத்தில் நான் இருக்க வேண்டும், அந்த மீன் என் பக்கம் வர வேண்டும். இதற்கு ஒரு முழு நோன்பு பிடிக்க நான் பட்ட பாடு! எப்படியும் பின்னேரத்துக்கு முன்னம் கை தண்ணிப் பானைக்குப் போய்விடும். குடித்த பிறகுதான் நோன்பு நினைவு வரும்.

அப்போதுதான் சாச்சியின் மகள் வந்தாள். சாச்சி மூதூருக்கு அங்கால தோப்பூரில் இருந்தவர், அவருக்குப் பிள்ளைப்பேறு நேரம். அதனால் மூத்த பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாப்பாதான் மூதூரிலிருந்து லோஞ்சில் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெட்டிக்கு ஓடிப் போய்ப் பார்க்கிறேன், அவள் சுக்கான் பக்கத்தில், வாப்பாவின் மடியில் இருக்கிறாள். அவளுடைய கை சுக்கானில். நான் அவருடைய மகள், அந்தச் சுக்கானை ஒரு நாளும் தொட்டதில்லை. "பொம்புளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை" என்று சொன்னவர்தான் அவர்.

என்னைவிட ஒரு வயது குறைவு. மெல்லிசாக, கண் பெரிசாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். முதல் நாளே உம்மா தொடங்கிவிட்டார்.

"பாரு, இந்தப் புள்ள எப்பிடி அடக்கமா இருக்கு. நீயும் இருக்கிறியே."

அவள் தோப்பூரில் முழு நோன்பே பிடித்திருக்கிறாளாம். "ஓம் பெரியும்மா, ரெண்டு புடிச்சன்," என்றாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. வந்த மறுநாளே ஒன்று பிடித்துக் காட்டினாள். அன்றைக்கு அவள் சஹனில், வாப்பாவின் வலப்பக்கம். மீன் அவள் பக்கம் போனது. நான் குசினி வாசலில் கோப்பையோடு நின்று அவள் எத்தனை கவளம் தின்றாள் என்று பார்த்தேன். அவளுக்குத் தொண்டையில் முள் சிக்க வேண்டும் என்று துஆ கேட்டேன். வாப்பா முள் எடுக்கிறதில் கெட்டிக்காரர். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் நானும் முழு நோன்பு என்று சபதம் எடுத்தேன். சபதத்தைக் காப்பாற்ற ஒரு வழியும் கண்டுபிடித்தேன். தண்ணிப் பானைப் பக்கம் போகாமல், கண்ணாடிக்கு முன்னால் போய் இருந்துவிட்டேன். தாகம் வந்தால் அவளைப் பார்ப்பேன், உள்ளே இருக்கிறவளை. அவள் என்னைப் பார்ப்பாள். எழும்பப் போனால் அவளும் எழும்புவாள், களவுக்குப் போகிற முகத்தோடு. அந்த முகத்தைப் பார்த்தால் வெட்கம் வந்து இருந்துவிடுவேன். இப்படியே லுஹர் போனது. என்னால் நம்ப ஏலவில்லை. பானைக்கும் எனக்கும் நடுவில் இதுவரை ஒருவரும் நின்றதில்லை, இப்போது ஒருத்தி நின்றாள்.

லுஹருக்குப் பிறகு வெயில் ஏறியது. உம்மா தம்பியை அணைத்துக்கொண்டு குசினிப் பக்கத்துத் திண்டில் தூங்கிப்போனார். நான் ஹோலில் வெறும் நிலத்தில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். சாச்சியின் மகள் நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாள். அறைக்குள் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

தம்பியின் பால்மா டின் அந்த அலுமாரிக்குள்தான் இருந்தது. எறும்புக்குப் பயந்து உம்மா அங்கே வைத்திருந்தார். அவள் கதவைத் திறக்கக் கையை நீட்டினாள். கண்ணாடியில் இருந்தவளும் கையை நீட்டினாள். அவள் கையை இழுத்துக்கொண்டாள். திரும்ப நீட்டினாள், திரும்ப இழுத்தாள். எனக்கு அவளுடைய முதுகும் தெரிந்தது, முகமும் தெரிந்தது. பிறகு அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, பாராமலே விரலைக் கொளுவிக் கதவை இழுத்தாள். கதவு முழுக்கத் திறந்து சுவரோடு போய் ஒட்டியது. கண்ணாடி சுவரைப் பார்த்தது. இப்போது அங்கே அவளைத் தவிர ஒருவரும் இல்லை. மூன்று விரலால் மாவை அள்ளி வாயில் போட்டாள். பிறகும் அள்ளினாள். தண்ணி இல்லாமல் மா தொண்டையில் ஒட்டிக்கொள்ள, சத்தம் வராமல் இருமினாள். சட்டை விளிம்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் பாராமலே கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

நான் கத்தினேனா? இல்லை. ஏன் கத்த வேண்டும்? எனக்கு வந்த சந்தோசம் உங்களுக்குச் சொன்னால் விளங்காது. பெருநாள் சட்டை கிடைத்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை, தோப்பூர்ப் பிள்ளை! இன்றைக்குச் சஹனில் நான் மட்டும். வாப்பா, நான், மீன். நடுவில் யாருமில்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் கெட்டேன். பின்னேரம் வாப்பா வருகிற நேரம் அழகாக இருக்க வேண்டும் என்று தலையை வாரிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போனேன். பல்லைப் பார்த்தேன், நாக்கை நீட்டினேன். நாக்கு காய்ச்சல்காரரின் நாக்கு மாதிரி வெள்ளையாக, அசிங்கமாக இருந்தது. இந்த நாக்கோடு வாப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பதா? முக்காட்டுத் தலைப்பால் தேய்த்தேன், தேய்த்தேன், தேசிக்காய்த் தோலால் பாத்திரம் விளக்குகிற மாதிரித் தேய்த்தேன். சொட்டுத் தண்ணி உள்ளே போகவிடாமல் வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். நாக்கு செக்கச் செவேலென்று வந்தது. உள்ளே இருந்தவள் அழகாகத்தான் இருந்தாள்.

வாப்பாவும் லோஞ்ச்காரர் இருவரும் வந்தார்கள். நான் ஓடிப் போய், "வாப்பா, நான் முழு நோம்பு!" என்றேன்.

"மெய்யாவா?" என்று சிரித்தார்.

லோஞ்ச்காரரில் ஒருவர், முன்பல் இல்லாதவர், பகிடிக்காரர். "சுக்கானியார், புள்ளையளுட கதையை நம்பாதீங்க. நாக்கைப் பாருங்க. நோம்பெண்டா நாக்கு வெள்ளையா இருக்கும். திண்டிருந்தாச் சிவப்பு," என்றார்.

நம் பக்கத்தில் பெரியவர்களுக்கு இந்த நாக்குப் பரிசோதனையில் அப்படியொரு நம்பிக்கை. வாப்பா குனிந்தார். "எங்க, ரெண்டு பேரும் நீட்டுங்க பாப்பம்."

அவள் நீட்டினாள். வெள்ளையென்றால் அப்படி வெள்ளை. பால்மா ஒட்டின நாக்கு வேறு எப்படி இருக்கும்? நான் நீட்டினேன். லோஞ்ச்காரர் இருவரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். "இது வெத்திலை போட்ட நாக்கு!"

"இல்ல வாப்பா! நான் தேய்ச்சன்! அல்லாவாணை தேய்ச்சன்!"

"நோம்போட ஆணையிடாத."

"அவள்தான் திண்டவள்! தம்பியுட பால்மா திண்டவள், நான் கண்டன்! கதவைத் திறந்து, கண்ணாடியை அங்கால திருப்பிப்போட்டுத் திண்டவள்!"

உம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தார். "எரிச்சலப் பாரு, எரிச்சல! உம்மாவை விட்டிட்டு வந்து நிக்கிற புள்ளையில பழி போடுறாள். அந்த வாயால நோம்பு திறக்கப் போறியா?"

ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "நீ திண்டியா மகள்" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். விருந்துக்கு வந்த பிள்ளையை எப்படிக் கேட்கிறது? வாப்பா அவளைத் தூக்கினார். மற்றக் கையில் அரிக்கன் லாம்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார்.

"நீட்டு மகள். உன்ர நாக்கை நீயே பாரு. என்ன வெள்ளை! நோம்பாளிட நாக்கு."

அவள் பார்த்தாள். லாம்பு வெளிச்சத்தில் இரண்டு முகமும் எனக்குத் தெரிந்தன. முதலில் நாக்கைப் பார்த்தாள். பிறகு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தாள், அசையாமல். பகலில் பாராமல் திருப்பிக்கொண்ட முகம். பிறகு ஒரு குரல் எடுத்து அழுதாள் பாருங்கள், ஜெட்டிக்குக் கேட்டிருக்கும்.

"உம்மாவைத் தேடுது," என்றார் உம்மா. அவருக்கும் கண் கலங்கியது. "பாவம், நோம்போட வேற."

"தேடாதா? பச்சைப் புள்ள," என்றார் முன்பல் இல்லாதவர்.

அன்றைக்கு அவள் வாப்பாவின் பக்கத்தில் இருக்கவில்லை, மடியில் இருந்தாள். மீனை அவர் முள் எடுத்து அவள் வாயிலேயே வைத்தார். அவள் தின்னவும் ஏலாமல், அழுகையை நிறுத்தவும் ஏலாமல் விக்கிக்கொண்டிருந்தாள். நான் குசினியில். என் முதல் முழு நோன்பை ஆறின கஞ்சியோடு திறந்தேன். மலக்குமார் எழுதியிருப்பார்கள் என்று உம்மா பிறகு ஒரு பேச்சுக்குச் சொன்னார். மலக்குமார் எழுதியதை வாப்பா வாசிக்கவா போகிறார்?

விடிந்தது. இருவரும் நோன்பு. நான் கண்ணாடிக்கு முன்னால் போய் இருந்தேன், இந்த முறை நாக்கைத் தொடுவதில்லை என்ற முடிவோடு. சற்று நேரத்தில் அவளும் வந்து என் பக்கத்தில் இருந்தாள். நான் தள்ளி இருந்தேன். உள்ளே இருந்த இருவரும் தள்ளி இருந்தார்கள்.

"ராத்தா, அது என்னையே பாக்குது," என்றாள்.

"அது நீதானே, லூசு."

"ஓம். அதுதான்."

நான் விடுவேனா? அவள் எப்போது எழும்புவாள், எப்போது கதவைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். இந்த முறை உம்மாவை எழுப்பிக் கையோடு பிடித்துக் கொடுப்பது என்று இருந்தேன். தொழவும் கழுவவும் போனால் பின்னாலேயே போனேன். கழுவும்போது அவள் தொண்டையைப் பார்த்தேன், ஒரு மிடறாவது இறங்குகிறதா என்று. இறங்கவில்லை. லுஹர் போனது. வெயில் ஏறியது. உம்மா தூங்கினார். அவளுடைய உதடு காய்ந்து வெடித்தது. ஒரு தரம் எழும்பினாள். கண்ணாடிக்கு மிகக் கிட்டப் போய், மூக்கு முட்டுகிற அளவுக்கு நின்று, உள்ளே இருந்தவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இருந்தாள். அவ்வளவுதான். பின்னேர அசர் பாங்கும் சொல்லிவிட்டது. நான் அவளை அந்த மாதிரி வெறுத்ததே இல்லை.

மாலையில் வாப்பா வந்தார். பரிசோதனை இப்போது வீட்டு வழக்கமாகிவிட்டது. "வாங்க, நாக்கை நீட்டுங்க."

நான் நீட்டினேன். வெள்ளை. "ஆ!" என்றார் வாப்பா. முன்பல் இல்லாதவர், "இண்டைக்குத் தேய்க்கல்லப் போல," என்று கண்ணடித்தார்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நீட்டு மகள்."

தலையை ஆட்டினாள்.

"ஏன் மகள்?"

"காட்டமாட்டன், பெரியவாப்பா."

பயமும் இல்லை, அழுகையும் இல்லை, எதிர்ப்புக்கூட இல்லை. தண்ணி வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாப்பா சிரித்து அவள் தலையைத் தடவினார். "சரி, சரி. இண்டைக்கு ஏலாமப் போயிட்டுது, என்ன? சின்னப் புள்ளைதானே. நாளைக்குப் புடிக்கலாம்." அவள் குசினிக்குப் போய்த் தன் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

சஹன் வந்தது. நான் வாப்பாவின் வலப்பக்கத்தில் இருந்தேன். எத்தனை நாள் ஏங்கின இடம்! அவருடைய சட்டையில் எஞ்சின் எண்ணெயும் உப்பும் மணத்தன. முழங்கை என்னில் பட்டது. பொரித்த பாரைத் துண்டை எடுத்து முள் நீக்கி, பாராமலே என் பக்கம் தள்ளினார். நான் கையை வைத்தேன், எதிரே பார்த்தேன். அறைக் கதவு திறந்திருந்தது. அவள் கஞ்சிக் கோப்பையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். முதுகு எங்களுக்கு. அவள் சஹன் பக்கம் திரும்பவே இல்லை. நான் குசினி வாசலில் நின்று கவளம் எண்ணினேனே, அப்படி ஒரு பார்வை, ஒரே ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்கு அந்த மீன் இறங்கியிருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளை அங்கே அப்படி நிற்க விடக்கூடாது. இழுத்துக்கொண்டு வந்து இந்தப் பாயில் இருத்தி, எல்லாரும் புகழ்ந்து, தலையைத் தடவி, என்னைப் போல ஆக்கிவிட வேண்டும்.

"வாப்பா," என்றேன். "அவள் இண்டைக்கு முழு நோம்பு. நான் முழு நாளும் பாத்துக்கொண்டு இருந்தனான். ஒண்டும் தின்னல்ல, தண்ணி கூடக் குடிக்கல்ல."

வாப்பா மென்றுகொண்டே சிரித்தார். "நேத்துத் திண்டாள் எண்டாய். இண்டைக்குப் புடிச்சாள் எண்டுறாய்."

"மெய் வாப்பா! நேத்தும் மெய், இண்டைக்கும் மெய்!"

"கேட்டீங்களா?" என்று அவர் மற்றவர்களைப் பார்த்தார். அவர் குரலில் அந்தப் பெருமையை நான் அதற்கு முன்னம் கேட்டதில்லை. "நேத்து எரிச்சலில கதைச்சாள். இண்டைக்கு அந்தப் புள்ளைக்காகப் பரிஞ்சு பேசுறாள். என்ர மகளுக்கு நல்ல மனசு."

"அதெண்டா மெய்தான்," என்றார் குசினி வாசலில் நின்ற உம்மா. நேற்று அகப்பை பிடித்த அதே கையால் கண்ணைத் துடைத்தார்.

நல்ல மனசுக்கு வாப்பா இன்னொரு துண்டு மீன் தள்ளினார். இப்போது என் பக்கம் இரண்டு. தின்னாமல் இருக்க ஏலுமா, எல்லாரும் பார்க்கிறார்கள். தின்றேன்.

அந்த அலுமாரி பிறகு வந்த புயலில் கூரை விழுந்து நொறுங்கியது. பலகை மட்டும் மிஞ்சியது. வாப்பா சொன்ன மாதிரி நல்ல பலகைதான். அவள் மூதூரில் வாழ்க்கைப்பட்டாள், இன்றைக்கும் இருக்கிறாள். பெருநாளைக்குப் பெருநாள் வந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு ஊரில் இன்றைக்கும் நல்ல மனசுக்காரி என்று பெயர். அந்த இரவில் வைத்த பெயர் அது, கழற்ற வழி தெரியவில்லை.

அந்தச் சஹனில் இருந்தபடி நான் கடைசியாகக் கண்டதையும் சொல்லிவிடுகிறேன். வாப்பா என்னைப் புகழ்ந்தது அவளுக்கும் கேட்டிருக்கும், அறை தூரமில்லை. அவள் திரும்பவில்லை. கஞ்சியைக் குடித்து முடித்து, கோப்பையை இறக்கிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் மெதுவாக நாக்கை நீட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் நான் எப்போதோ மன்னித்திருப்பேன். அவள் சிரித்தது உள்ளே இருந்தவளைப் பார்த்து.